தொட்டில் மணி லக்னம்

ஆர்.கே. புரத்துத் தமிழர்களுக்குப் பிள்ளை வரம் கேட்க வெகுகாலம் ஒரே இடம்தான். செக்டர் ஏழு, குன்றின் மேல் சுவாமிநாதன். 1973ல் கும்பாபிஷேகம் ஆன மலை மந்திர். 1990ல் மத்திய அரசு இரண்டாவது இடம் ஒன்றை உண்டாக்கியது. மத்திய தத்து வள ஆணையம் என்று நீட்டிச் சொல்லலாம். எல்லோருக்கும் அது ‘காரா’. பின்னாளில் அது எங்கள் பேட்டைக்கே வந்து, வெஸ்ட் பிளாக் எட்டில் உட்கார்ந்தது. மலையிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்தால் சில நிமிஷம். முருகனிடம் போடும் விண்ணப்பத்துக்கு ரசீது கிடையாது. இங்கே பதிவு எண் உண்டு, வரிசை எண்ணும் உண்டு. குழந்தை எப்போது கிடைக்கும் என்று கேட்டால் இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான்: வரும்போது வரும்.

1985ல் வட டெல்லியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எம்.ஏ. படித்திருந்தேன், அதை யாரும் கேட்கவில்லை. தமிழ் பேசுவேன் என்றதும் எடுத்துக்கொண்டார்கள். தத்துக்கு எழுதிப் போட்டவர்களில் மத்திய சர்க்கார் உத்தியோகத் தமிழர்கள் நிறைய. வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். கணவர் இங்கிலீஷ் பேசுவார், மனைவி ஹிந்தியில் சமாளிப்பாள், முடிவெடுக்கிற மாமியார் மட்டும் தமிழைத் தவிர எதையும் காதில் வாங்கமாட்டார். ஆகவே நான். கஷ்மீரி கேட்டில் முத்ரிகா பஸ் ஏறினால் ரிங் ரோடு முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கும்.

அந்த நாளில் பிள்ளையில்லாதவர்களுக்கு டெல்லி மாற்றல் ஒரு சௌகரியம். வரும்போது இரண்டு பேர். மூன்று வருஷம் கழித்து மாம்பலத்துக்கோ மதுரைக்கோ திரும்பும்போது மூன்று பேர். நடுவில் என்ன நடந்தது என்று யார் பார்த்தார்கள்? ஒரு பெண் ஊருக்கு எழுதும் இன்லண்ட் கடிதங்களில் மசக்கை, வாந்தி, புளிப்பு ஆசை என்று மாதாமாதம் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். தீஸ் ஹஸாரி கோர்ட்டில் எங்கள் மனுவுக்கு இரண்டு முறை வாய்தா விழுந்ததில் அவளுடைய கர்ப்பம் பதினோரு மாதத்துக்கு நீண்டது. ஊரில் யாரும் விரல் விட்டு எண்ணவில்லை போலிருக்கிறது. எண்ணியும் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம்; நம் ஊர்க் கிழவிகளுக்கு அந்த நாகரிகம் உண்டு.

ஒரு மாமியை மறக்க முடியாது. செக்டர் நான்கில் டைப் த்ரீ குவார்ட்டர்ஸ். மகனும் மருமகளும் ஓரமாக உட்கார்ந்திருக்க, மாமிதான் பேசினார். ஆண் குழந்தை. நல்ல குலம். நல்ல நட்சத்திரம். அப்புறம் தயங்கித் தயங்கி:

“நெறம் எப்படி இருக்கும்?”

“பொறந்து பத்து நாள் ஆன குழந்தை மாமி. இப்ப எல்லாம் ஒரே நிறமாத்தான் இருக்கும்.”

“காது நுனியைப் பார்த்தா தெரிஞ்சுடும். அது என்ன நெறமோ அதான் பின்னால நிக்கும். போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு.”

போய்ப் பார்த்தேன். அடுத்தது ஜாதகம். எங்கள் வாசலில் ஒரு தொட்டில் இருந்தது; குழந்தையைப் போட்டுவிட்டு மணியை அழுத்திவிட்டுப் போய்விடலாம், யாரும் துரத்திக்கொண்டு வரமாட்டார்கள். டெல்லியில் இதற்குப் பெயர்பெற்ற இல்லம் குத்சியா பாக் பக்கம் இருக்கும் ‘பால்னா’. அதை டெல்லி குழந்தைகள் நலக் கவுன்சில் 1978ல் தொடங்கியது. எங்களுடையது அவ்வளவு பெரியதில்லை. ஆனால் ரிஜிஸ்டர் கறாராக இருக்கும்: மணி அடித்த நேரம், எடை, உடுத்தியிருந்த துணி, மச்சம். பிறந்த நேரம் கேட்ட மாமிக்கு ரிஜிஸ்டரில் இருந்ததைச் சொன்னேன். இரவு 2.40, தொட்டில் மணி. கரோல் பாக் ஜோசியர் ஒருவர் அதை வைத்தே கட்டம் போட்டு எட்டில் செவ்வாயைக் கண்டுபிடித்தார். மறுநாள் மாமியிடமிருந்து போன்: “உங்காத்துக் கடியாரம் சரியா ஓடறதா? இருபது நிமிஷம் முன்னே பின்னே இருந்தா லக்னம் மாறும்.”

எங்கள் இல்லத்து ஆயாவிடம் கேட்டேன். கடியாரம் பத்து நாளாக ஓடவில்லை, குத்துமதிப்பாக எழுதினேன் என்றாள். மாமிக்குப் பரம திருப்தி. பையன் செவ்வாய் தோஷம் நீங்கி வீடு போய்ச் சேர்ந்தான்.

பெயர் விஷயத்திலும் ஆயா வைத்ததுதான் சட்டம். தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடிய 1987ல் வந்து சேர்ந்த பெண்கள் எல்லாம் சீதா, ஊர்மிளா, மாண்டவி. மூன்று சீதாக்கள் ஒரே நேரத்தில் பேதிக்கு மருந்து சாப்பிட்ட வாரம் ஒன்று உண்டு.

சட்டத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் மாமியைவிட அது பெரிய மாமியார். 1956ம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் கவலை குழந்தைக்கு வீடு கிடைப்பதில்லை, வீட்டுக்கு வாரிசு கிடைப்பது. மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்கக் கூடாது. பேரன் இருந்தாலும், கொள்ளுப்பேரன் இருந்தாலும் கூடாது. பெண்ணுக்கும் ஏறக்குறைய அப்படியே. கல்யாணமாகாத பெண், விதவை, விவாகரத்தானவள், இவர்களெல்லாம் தன் பெயரிலேயே தத்தெடுக்கலாம். கணவனோடு வாழ்கிறவளுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. கணவன் எடுப்பான், அவள் சம்மதம் தரலாம். தாலி இல்லாவிட்டால் தாய், தாலி இருந்தால் சாட்சி. இதைத் திருத்த 2010 வரை ஆயிற்று.

இந்து அல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி எல்லோருக்கும் வெள்ளைக்காரன் காலத்து 1890ம் வருஷச் சட்டம். அதன்படி அவர்கள் காப்பாளர்தான், பெற்றோர் இல்லை; குழந்தை ‘வார்டு’தான், பிள்ளை இல்லை. எங்களோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் அப்படி ஒரு பெண்ணை வளர்த்தாள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘உறவு’ என்ற இடம் வரும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். இளைஞர் நீதிச் சட்டம் 2000ல் வந்து, 2006ல் திருத்தப்பட்டு, மதம் பார்க்காத ஒரு வழியைத் திறந்தது. டெல்லி சமூக ஆர்வலர் ஷப்னம் ஹாஷ்மியின் வழக்கில், எந்த மதத்தவரும் அந்த வழியில் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் சொன்னது. அதற்குள் எங்கள் நர்ஸின் ‘வார்டு’க்கே கல்யாணமாகிவிட்டது.

மாமிகள் கழித்துக்கட்டிய குழந்தைகள் எங்கே போனார்கள்? விமானத்தில் போனார்கள். கறுத்த பெண்கள், உதடு பிளந்த பையன், ஒரு கால் சூம்பியவன். சுவீடனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் யாரும் காது நுனியைப் பார்க்கவில்லை. உடனே அவர்களைத் தேவதைகளாக்கிவிட வேண்டாம். அந்த விமானங்களைச் சுற்றி ஒரு வியாபாரமும் நடந்தது. லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வக்கீல் 1982ல் அதைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி 1984 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னார்: முதலில் இந்தியாவிலேயே குடும்பம் தேடு, கிடைக்காவிட்டால்தான் கடல் தாண்டு. காராவின் பூர்வீகம் அந்தக் கடிதம்தான். தீர்ப்பு வந்தபின் எங்கள் இல்லத்தில் கோப்புகள் தடித்தன. முதலில் இந்தியக் குடும்பம் தேடியதற்குச் சாட்சியம் வைக்கவேண்டுமே. உதடு பிளந்தவனை வேண்டாம் என்று சொன்ன இந்தியக் குடும்பங்களின் பட்டியலை நேர்த்தியாகத் தட்டச்சு செய்து இணைத்தோம். அந்த மாமியின் பெயரும் அதில் இருந்தது.

இனி இந்தக் காலம்.

என் அக்கா பெண் துவாரகையில் ஃப்ளாட் வாங்கி, குருகிராமில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் வேண்டாம், குழந்தை வேண்டும் என்றாள். அக்கா இதில் முதல் பாதிக்கு ஒரு வருஷம் அழுதாள், இரண்டாம் பாதிக்கு ஒரு வாரம். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, “வா, எனக்குத் தெரிந்த ஒரு இல்லம் இருக்கிறது” என்றேன். அவள் சிரித்தாள். “சித்தி, இல்லத்துக்கெல்லாம் போகக் கூடாது. அங்கே போனாலே தப்பா நினைப்பாங்க. எல்லாம் போர்ட்டல்.”

உண்மைதான். 2015 ஆகஸ்டிலிருந்து எல்லாம் கேரிங்ஸ் என்ற இணையப் பதிவில். நாடு முழுக்க ஒரே வரிசை. பான் கார்டு, வருமானச் சான்று, டாக்டர் சர்டிபிகேட், எல்லாம் ஏற்றவேண்டும். எந்த மாநிலம் என்று தேர்வு செய்யலாம். தம்பதியின் வயதைக் கூட்டி 85க்குள் இருந்தால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை. தனியாள் என்றால் 40. அடுத்தது 90, 45. என் அக்கா பெண்ணுக்கு 41. அதனால் இரண்டிலிருந்து நான்கு. தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. நாங்கள் முத்ரிகாவில் அலைந்து மாமியிடம் ஒரு மணிநேரம் கேட்டதை இது பத்து கட்டத்தில் முடித்துவிடுகிறது. குலம், நட்சத்திரம் கேட்க இடமே இல்லை. முதல்முறை அந்தத் திரையைப் பார்த்தபோது, எங்களுக்கு இது 1985ல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

இணையப் பதிவும் புது விதிகளும் வந்த 2015லேயே அன்னை தெரசாவின் சகோதரிகள் தத்துக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். தனியாக இருப்பவர்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் குழந்தையைக் கொடுக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாமல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த பெண்கள் அவர்கள். இதற்குமேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் வீட்டு ரவை கஞ்சியை எங்கள் குழந்தைகளும் குடித்திருக்கிறார்கள்.

பதிவு செய்தாயிற்று. பிறகு காத்திருப்பு. அப்போது எங்களிடம் தொட்டில் நிறைய, கேட்பவர் கொஞ்சம். இப்போது தலைகீழ். 2021 டிசம்பரில் பதிவு செய்து காத்திருந்த பெற்றோர் 27,939 பேர். தத்துக்குத் தயாராக இருந்த குழந்தைகள் 2,430. நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்: பெற்றோர் இறந்தோ, கைவிட்டோ, ஒப்படைத்தோ இல்லங்களில் இருக்கும், தத்துக்கு உகந்த பிள்ளைகள் 6,996 பேர். 2,430 போக மிச்சம் எல்லாம் ஃபைலில்.

தொட்டிலில் கிடைத்த குழந்தையை இப்போது 24 மணிநேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் காட்ட வேண்டும். பேப்பரில் படம் போட்டுப் பெற்றோரைத் தேடவேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதத்தில், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்தில், இந்தக் குழந்தைக்கு யாரும் இல்லை என்று குழு சான்று தரவேண்டும். தாயே வந்து ஒப்படைத்தால் மனம் மாற அவளுக்கு 60 நாள். ஒவ்வொன்றும் நியாயம். எங்கள் காலத்து அவசரத்தில், திரும்பி வந்து வாசலில் நின்ற தாய்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நடைமுறையில் போலீஸ் அறிக்கை வராது, குழுவில் ஆள் இருக்காது, ஆள் இருந்தால் கூட்டம் இருக்காது. தொட்டிலில் விழுந்த குழந்தைக்காவது யாரும் இல்லை என்று சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள். சொந்தம் என்று ஒருவர் இருந்துவிட்டால் தொலைந்தது. ஒரு இல்லத்தில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு ஒரு பெரியப்பா உண்டு. தீபாவளிக்கு லட்டு டப்பாவோடு வருவார், பையனை உயரம் அளப்பதுபோல் ஒருமுறை பார்ப்பார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார். அழைத்துப்போகவும் மாட்டார், விட்டுக்கொடுக்கவும் மாட்டார். “எங்க குடும்பத்து ரத்தம்” என்பார். லட்டு தின்னும் பையன் வருஷாவருஷம் இரண்டு அங்குலம் வளர்ந்தான். நாலு வயதில் வந்தவன் பதினொன்றைத் தொட்டபோது, கையெழுத்துப் போட வருகிற பெரியப்பாவும் நின்றுவிட்டார். இனி ஃபைல் நகரலாம். பதினொரு வயதுப் பையனைக் கேட்டு வரிசையில் யார் நிற்கிறார்கள்?

யாரும் வந்து பார்க்காத குழந்தைகளையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி அண்மையில் முடுக்கிவிட்டிருக்கிறார்கள். 2024-25ல் மொத்தம் 4,515 தத்து. அதில் 4,155 உள்நாட்டில். பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் அதிகம் என்று செய்திக்குறிப்பு குதூகலித்தது. நல்லதுதான். கணினி எல்லாவற்றையும் கையில் எடுக்குமுன், 2010-11ல், உள்நாட்டில் மட்டும் 5,693 என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைச் செய்திக்குறிப்பில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

இன்னொரு குதூகலம், ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளை அதிகம் தத்தெடுக்கிறோம் என்பது. 2018-19ல் உள்நாட்டில் 3,374 பேரில் 1,977 பேர் பெண்கள். இதைச் சொல்லி ஒரு கருத்தரங்கில் கைதட்டினார்கள். தொட்டிலில் யார் அதிகம் விழுகிறார்கள் என்று கேட்டிருந்தால் கை பாதியில் நின்றிருக்கும். 1992ல் சேலத்தில் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது ஆண் குழந்தைகளுக்காக அல்ல.

வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சந்தை இருக்கிறது. 2019ல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் போனில் பேசியது வெளியே வந்ததே, நினைவிருக்கும்: ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறம் நன்றாக இருந்தால் தனி. மாமியின் காது நுனிக்கு அங்கே ரேட் போட்டிருந்தார்கள். 2024 ஏப்ரலில் டெல்லியிலேயே சி.பி.ஐ. பச்சைக் குழந்தைகளை மீட்டது; ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பில் விளம்பரம், நாலிலிருந்து ஆறு லட்சம். கொரோனாவின் இரண்டாம் அலையில், ‘தாய் தந்தை போய்விட்டார்கள், குழந்தை வேண்டுவோர் இந்த எண்ணுக்கு’ என்று வந்த செய்தியை எனக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். கீழே கைகூப்பின படம் போட்டிருந்தார்கள்.

போன வருஷம் அக்கா பெண்ணுக்கு செய்தி வந்தது. மூன்று வயதுப் பெண், வேறு மாநிலம். படம், குழந்தையின் வரலாறு ஒரு தாள், மருத்துவ அறிக்கை ஒன்று. 48 மணிநேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டும்.

மருத்துவ அறிக்கையை அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கரோல் பாக் ஜோசியர்தான் ஞாபகம் வந்தார். எடை, உயரம், ஹீமோகுளோபின், ஹெபடைடிஸ் பி. குருகிராமில் ஒரு குழந்தை மருத்துவர் அறிக்கை படித்துப் பலன் சொல்வதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறாராம். அவர் தலைச் சுற்றளவில் விரலை வைத்தார். இரண்டு சென்டிமீட்டர் குறைவு. எட்டில் செவ்வாய். இரண்டாவது டாக்டரிடம் போனார்கள். அவர், அளந்தவர் டேப்பைச் சரியாகப் பிடித்தாரா என்று கேட்டார். தத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, ‘மறுத்துவிடு, அடுத்ததைப் பார்க்கலாம், உனக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது’ என்றாள்.

படித்தவர்கள், ஜாதி பார்க்காதவர்கள், ஜோசியத்தைக் கேலி செய்கிறவர்கள்தான் அந்தக் குழுவில் எல்லோரும். காத்திருக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு உடல் குறையோ சிறப்புக் கவனமோ தேவைப்படுகிறவர்கள். அவர்களுக்கு வரிசையே கிடையாது, இன்று கேட்டால் நாளை. அவர்களில் பலருக்கு இன்றும் விமானம்தான். 2024 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை நேராகவே சொல்லிவிட்டது: தத்தெடுப்பது அடிப்படை உரிமை அல்ல, இன்ன குழந்தைதான் வேண்டும் என்று கேட்கும் உரிமையும் பெற்றோருக்குக் கிடையாது. ஏற்கனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் மூன்றாவதாகக் குறையில்லாத குழந்தை கேட்டுப் போட்ட வழக்கு. தீர்ப்பை அந்தக் குழுவில் பகிர்ந்தேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நாலு பேர் வெளியேறினார்கள்.

நாற்பதாவது மணிநேரத்தில் அக்கா தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துவந்து மகளின் தலையை அளந்தாள். பிறகு தன் தலையை. பிறகு, கேட்காமலே, என் தலையை. “நம்ம வீட்ல எல்லாருக்கும் சின்ன மண்டைதான்டி. சரின்னு போடு.”

போட்டாள்.

உத்தரவில் கையெழுத்துப் போட்டது மாவட்ட ஆட்சியர். 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட் இல்லை, அவர்தான். வெள்ளம், தேர்தல், நில அளவை இவற்றோடு இதுவும். தீஸ் ஹஸாரியில் வாய்தா வாங்கியே கறுத்த கோட்டு வெளுத்த வக்கீல்களை நான் அறிவேன் என்பதால், இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழந்தை வந்தபின் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை அனுப்பவேண்டும். முதல் தடவை வந்தது ஒரு சின்னப் பெண், கையில் போன். என்னுடைய அந்த நாள் வேலை. அக்கா முந்தின நாளே ரவா கேசரி கிளறி, பட்டுப் புடவை கட்டி, சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் எத்தனை மாமியார்களைப் பார்த்திருக்கிறேன்! தோரணை அப்படியே.

அந்தப் பெண் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடினாள், அம்மாவிடம் தூக்கம், தடுப்பூசி, பள்ளி என்று கேட்டுக்கொண்டே தட்டினாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“இதையும் எழுதிக்கம்மா. ரசம் சாதத்தைக் கொடுத்தா புளிப்பு, ‘கட்டா’ன்னு தள்ளிவிடுறா. நான் தமிழ்ல திட்டினா அவ ஹிந்தியில பதில் சொல்றா. நேத்து என் மூக்குக் கண்ணாடியை வாஷிங் மிஷின்ல போட்டுட்டா. கேட்டா, அழுக்கா இருந்துச்சுங்கறா.”

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்தாள், தலையாட்டினாள், எழுதவில்லை.

“ஏன் எழுதமாட்டேங்கறா?” என்றாள் அக்கா என்னிடம்.

கேட்டேன். பாட்டி சொல்வதைப் பதிய அந்தப் படிவத்தில் கட்டம் இல்லையாம். அக்கா அவளுக்குக் கேசரி கொடுக்கிறதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கொஞ்சமாக வைத்தாள்.